ஒன்பது நாள் நடுக்கம்

"இப்ப இருக்குதுங்களா மேடம்?" என்று பானெட்டுக்குள் தலையை விட்டபடியே மெக்கானிக் ஈஸ்வரமூர்த்தி கேட்டார். ஐந்தாவது தடவை. இருக்கிறது, ஒன்பது நாளாக இருக்கிறது, உங்கள் தலையில் இடி விழுகிறவரைக்கும் இருக்கும் என்று சொல்ல சுலோச்சனாவுக்கு வாய் துறுதுறுத்தது. "இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். ஈரோட்டில் அது ஒரு வசதி. எவ்வளவு கோபமானாலும் கடைசியில் ஒரு ‘ங்க’வைப் போட்டுவிட்டால் மரியாதை கெடாது. ஆனால் அவளை ஒன்பது நாளாகப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருப்பதும் இந்த ‘ங்க’தான். அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வண்டி கல்லாட்டம் நிக்குதுங்க. உங்களுக்குத்தான் அப்படித் தோணுதுங்க. அடித்துப் பேசினால் திருப்பி அடிக்கலாம். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவனை என்ன செய்வது? சனிக்கிழமை, காலை பதினொரு மணி. பெருந்துறை ரோட்டில் தகரம் வேய்ந்த ஷெட்டுக்குள் வெயில் நேராகத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. அவள் பக்கத்து இருக்கையில், இடப்பக்கம், பதினோரு வருஷமாக எங்கே உட்காருகிறாளோ அங்கே உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவருக்கு அதுதான் இடம். அவள் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் லாரியைப் பார்த்துப் பதறி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊரைக் காப்பாற்றுவது அந்த இரண்டு பெடல்களும் அவளுடைய இரண்டு கால்களும்தான். அந்தக் கால்களில் ஒன்றில், இடது காலில், பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இப்போதும் அந்த நடுக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

பெல்ட் மாற்றுவதற்கு முன்னால் இது இல்லை. இந்த ஒரு வரியை அவள் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டாள். இன்ஜினுக்குள் பல் வைத்த பெல்ட் ஒன்று ஓடுகிறதாம், அதை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம், மாற்றாவிட்டால் ஒருநாள் நட்டநடு ரோட்டில் அறுந்து இன்ஜினே போய்விடுமாம். சரி, மாற்றுங்கள் என்று விட்டார்கள். இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. முதல் சிக்னலிலேயே, நின்ற நொடியில், கால் வழியாக அது ஏறியது. வண்டி கிளம்பினால் அடங்கும், நின்றால் வரும், ஏசியைப் போட்டால் இன்னும் கூடும். உடனே திருப்பிக் கொண்டுவந்தாள். ஈஸ்வரமூர்த்தி அசடும் இல்லை, சோம்பேறியும் இல்லை, அதுதான் எரிச்சல். பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் குலுங்கும் என்று அவரே சொன்னார். மூடியைக் கழற்றி, மேல் சக்கரத்தில் ஒரு கோடு, கீழ்ச் சக்கரத்தில் ஒரு கோடு, இரண்டும் அதனதன் அடையாளத்துக்கு நேராக நிற்பதை டார்ச் அடித்துக் காட்டினார். பிளக்கை மாற்றிப் பார்த்தார். நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் இரண்டு விரலை வைத்து, ஒரு நிமிஷம் தியானம் பண்ணிவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றார். இரண்டாம் தடவை போனபோது ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி இன்ஜின் மேலேயே வைத்தார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. "பாருங்க மேடம், தண்ணி சிந்தல." அப்படியானால் இனிமேல் அந்த டம்ளரையே இடப்பக்கம் உட்காரவைத்து ஊர் பிள்ளைகளுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பருப்பைத் தாளிக்கும்போது தோன்றியது. அவளுக்கு நல்ல பதில்கள் எல்லாமே அடுப்படியில்தான் வரும்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டுங்க, சூடாகட்டும்" என்று ஈஸ்வரமூர்த்தி ஒரு துணியில் கையைத் துடைத்தார். சூடாகட்டும். அவளுக்குச் சூடாகி ஒன்பது நாள் ஆகிவிட்டது. இவர் சொல்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அது இவர் தொழில். சென்னியப்பன் சொன்னதை எப்படிப் பொறுப்பது? ஸ்கூல் முதலாளி. அவளைவிட நாலு வயது சின்னவர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பொம்பளை சொல்லிக்கொடுத்தால் யார் வருவார்கள் என்று கேட்டவர், இன்றைக்குப் பாதிக் கூட்டம் அவளுக்காகத்தான் வருகிறது என்று தெரிந்தவர். வாய்தான் அதைச் சொல்லாது. போன திங்கட்கிழமை, கற்றுக்கொள்ள வந்த ஒரு காலேஜ் பெண் சிக்னலில் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், உங்க கால் ஆடுது" என்றாள். ஆபீசுக்குப் போய் அதைச் சொல்லவும் சொல்லிவிட்டாள். பாவம், அக்கறையாகத்தான் சொல்லியிருப்பாள். வியாழக்கிழமை சென்னியப்பன் சுலோச்சனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "மெக்கானிக் ரெண்டு வாட்டி பாத்துட்டாரு மேடம், வண்டியில ஒண்ணுமில்லைங்கறாரு" என்று ஆரம்பித்தார். "நாங்கூட ஓட்டிப் பாத்தேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா ஆயிறக்கூடாது பாருங்க" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றார். விளையாட்டு முடிந்ததும் விஷயம் வந்தது. இந்தச் சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை காட்டுங்கள். வண்டி நன்றாக இருக்கிறது என்று ஈஸ்வரமூர்த்தி சொல்லிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுங்கள், வண்டிக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ரெண்டு பேருக்கும் கஷ்டம். பதினோரு வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் உண்டா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு, கை நடுங்க வந்தவர்களுக்கு, சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் தொட்டவர்களுக்கு, இந்த இடப்பக்கத்திலிருந்து அவள் ஓட்டச் சொல்லித்தந்திருக்கிறாள். அவளைப் போய் விண்ணப்பம் எழுதச் சொல்கிறார். ஆடத் தெரியாதவளாம்.

ஆடுகிறது என்பதுதான் சிக்கல். ஆடவில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லையே. கால் ஆடுவதை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள், அவளும் குனிந்து பார்த்தாள், பெருவிரல் தனக்கென்று ஏதோ வேலை இருப்பதுபோல் துடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் காலில்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் வலது கால் தானாக ஆடும். காலாட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பா சொன்னார், சித்தி சொன்னாள், ஒருநாள் சுலோச்சனாவே அம்மாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சின்னப் புள்ளையாம்மா நீ?" என்றாள். நிறுத்திக்கிறேன் சாமி என்று அம்மா காலின் மேல் இன்னொரு காலைப் போட்டு அமுக்கிக்கொண்டாள். ஒரு வருஷம் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் டாக்டர், நடுக்குவாதம் என்றார். சும்மா இருக்கும்போது ஆடும், வேலை செய்யும்போது அடங்கும், அதுதான் இந்த நோயின் குணம் என்றார். வண்டி நின்றால் வரும், கிளம்பினால் அடங்கும். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க சுலோச்சனா ஒன்பது நாளாகப் பாடுபடுகிறாள். பல் தேய்க்கும்போது கூடவே வந்து நிற்கின்றன. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்து உற்றுப் பார்த்தாள். ஆடவில்லை. ஆனால் உள்ளே ஏதோ குறுகுறுக்கிறது. குறுகுறுப்பு இருக்கிறதா, பார்ப்பதால் வருகிறதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலை. வயசாகுதில்ல, நாப்பத்தேழு" என்றார். எல்லோருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஒருத்திக்குத்தான் தெரிகிறது. ஒருத்திக்கு மட்டும் தெரிவது என்றால் அதற்குப் பெயர் என்ன? டாக்டரிடம் போகலாம்தான். போனால் அவர் காலைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கவிடக்கூடாது. அதனால் வண்டியில்தான் கோளாறு. வண்டியில்தான் இருக்க வேண்டும். புதன்கிழமை இதே ஷெட்டில் ஈஸ்வரமூர்த்தி, "நீங்களே இந்தப் பக்கம் வந்து உக்காந்து பாருங்க மேடம்" என்று ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். கோபத்தோடு போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம். ஒன்றுமே இல்லை. கோவிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னதுதான் உடனே நினைவுக்கு வந்தது. ஓட்டுகிறவர் காலுக்கு வேலை உண்டு. வேலை இருந்தால் அடங்கும். இடப்பக்கத்தில் கால் சும்மா இருக்கிறது. சும்மா இருந்தால் ஆடும். எப்படிப் புரட்டினாலும் அங்கேயே வந்து நின்றது. "என்னங்க மேடம், இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை" என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"கடைசியா ஒண்ணு பண்ணிப் பாக்கறேனுங்க" என்று ஈஸ்வரமூர்த்தி ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். கடைசியா என்ற சொல் அவளுக்குள் எங்கோ போய்க் குத்தியது. கடைசி என்றால் அப்புறம் திங்கட்கிழமை, விண்ணப்பம், அப்புறம் டாக்டர். அவர் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினார். "இப்ப?" "இருக்குதுங்க." இன்னும் கொஞ்சம். "இப்ப?" இருக்குதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். இல்லை. நின்றுவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் அதே சத்தம், ஆனால் காலில் ஒன்றும் இல்லை. கரண்டு போனதும் மிக்சி நிற்குமே, அந்த மாதிரி. "இல்லீங்க! நின்னு போச்சுங்க!" என்று கத்தினாள். ஷெட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "எறக்கறேன், பாருங்க" என்றார். இறக்கினார். வந்தது. ஏற்றினார். நின்றது. ஜாக்கியை ஏற்றினால் நிற்கிற நோய் உலகத்தில் எந்த டாக்டர் புத்தகத்திலும் கிடையாது. வண்டிதான். வண்டியேதான். அடப்பாவிகளா, வண்டிதானே என்று ஒன்பது நாளாகத் தலைபாடாக அடித்துக்கொண்டேனே! சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்து இடம் பிடித்தது. இந்த ஒன்பது நாளும் அவள் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. அம்மாவின் பழைய மருந்துச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்தாள். இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? சென்னியப்பனுக்கு இப்போதே போன் பண்ணி, கூடம் கோணலாகத்தான் இருந்தது, வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். இல்லை, போனில் வேண்டாம், நேரில். எல்லோரும் இருக்கும்போது. அந்தக் காலேஜ் பெண்ணும் இருக்கும்போது.

ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் இப்போது வேறு ஒரு கவனம் வந்திருந்தது. "பெல்ட் மாத்தறதுக்கு அந்தப் பக்கத்து மவுண்டிங்கைக் கழட்டித்தான் ஆகோணும். இன்ஜின் உக்கார்ற எடம். திருப்பி மாட்டறப்ப கொஞ்சம் நகந்து உக்காந்திருக்குமாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜாக்கியை முழுக்க இறக்கினார். ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஆனா இங்க தெரியலீங்களே. மவுண்டிங்னா வண்டி பூராத்துக்கும் தெரியோணும். உங்களுக்கு எங்கீங்க தெரியுது?" "தரையில. கால் வைக்கிற எடத்துல." அவர் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, கதவைத் திறந்து, குனிந்து, கால்மிதியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "கொஞ்சம் காலை அப்படி நகத்துங்க" என்றார். அவள் இடது காலைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தாள். நடுக்கம் நின்றது. ஜாக்கி கீழே கிடந்தது. இன்ஜின் ஓடியது. நடுக்கம் இல்லை. அவர் தரையைத் தடவிக்கொண்டே, "இங்க ஒண்ணுமில்லீங்களே" என்றார். சுலோச்சனா தன் கால் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தாள். தரையிலிருந்து வரவில்லை. கிளச் பெடலிலிருந்து வந்தது. பெடலின் ரப்பரில் அவள் செருப்பின் தூசு பாத அளவுக்குப் படிந்திருந்தது, நேற்றைய தூசு, அதற்கு முந்தைய நாளின் தூசு. இல்லை என்று முதலில் நினைத்தாள். நான் அங்கே வைப்பதில்லை. யார் வைத்தாலும் நான் வைப்பதில்லை. ஈரோட்டில் அவளிடம் வண்டி கற்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வாக்கியம் ஒன்று உண்டு: கிளச் என்ன கால் மணையா? வேலை முடிந்ததும் காலை எடுத்துக் கீழே வை. கிளச்சின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்குப் பிளேட் தேயும், வண்டி இழுக்காது, புத்தியும் தேயும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவள் கால் பதினோரு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எப்போது வைத்தாள்? யாராவது பதறுவார்கள், உடனே மிதிக்க வேண்டும், தயாராக இருப்போம் என்று முதல் வருஷம் வைத்திருப்பாள். அப்புறம் எடுக்க மறந்திருப்பாள். அப்புறம் மறந்ததையே மறந்திருப்பாள். அன்றைக்குச் சிக்னலில் குனிந்தபோதும் துடித்த விரலைத்தான் பார்த்தாள், அது எதன் மேல் இருந்தது என்று பார்க்கவில்லை.

அவர் இன்னும் தரையைத்தான் தடவிக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்துவிடலாம். அவர் எப்படியும் மவுண்டிங்கைச் சரிசெய்வார், நடுக்கம் போகும், வண்டியில்தான் கோளாறு என்று ஆகிவிடும், அவள் நினைத்தபடியே நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம். எங்கே நடுங்கியது என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இவர் கேட்கிறார். தெரியவில்லையே, தெரியவில்லையே என்கிறார். தெரியாவிட்டால் மனப்பிரமை என்று சொல்லிவிடுவார். சொன்னால், கால் மணையா என்று கேட்கிற மேடமே கிளச் மேலே காலை வைத்திருந்தாராம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் சிரிக்கும், சென்னியப்பன் அதையும் விளையாட்டுக்குச் சொல்வார். எரிந்தது. நியாயம் அவள் பக்கம் இருந்தும் தலை குனிய வேண்டியிருக்கிறதே என்று எரிந்தது. பிறகு, நியாயம் என்ற அந்தச் சொல்லில் கால் தடுக்கியது போல, பாவாயி அக்கா நினைவுக்கு வந்தாள். போன சித்திரையில் வந்தவள். ஐம்பத்தைந்து வயது, வீட்டுக்காரருக்குக் கண் மங்கிப்போய் வீட்டில் கார் சும்மா நிற்கிறது, மகன் வெளிநாட்டில், நானே கத்துக்கறேனுங்க என்று வந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் வண்டி மேட்டில் இழுக்காது, இன்ஜின் மட்டும் இரையும், கிளச் கருகின வாடை வரும். காலை எடுங்க என்பாள் சுலோச்சனா. "எடுத்துட்டேனுங்க மேடம்" என்பாள் பாவாயி. "எடுக்கலை." "எடுத்துட்டேனுங்க. பெடல்தான் தானா கொஞ்சம் கீழ போயி நிக்குதுங்க." தானாகப் போகுமா, பேயா பிடித்திருக்கிறது என்று கேட்டாள் சுலோச்சனா. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கால் எங்கே இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியவில்லை, உங்களுக்கு எதற்கு கார் என்று கேட்டாள். பாவாயி குனிந்து தன் காலையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு கிளச்சும் ஒரே கம்பியில் கோத்தவை. இடப்பக்கம் ஒரு விரல் அமுக்கினால் வலப்பக்கம் ஒரு விரல் இறங்கும். அதை முதல் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித்தருவதே சுலோச்சனாதான்.

"தரையில இல்லீங்க" என்றாள். குரல் சண்டைக்குப் போவது போல வந்தது. "கிளச் மேல கையை வச்சுப் பாருங்க. நான் காலை அது மேலதான் வச்சிருந்தேன். எப்பவும் அது மேலதான் வச்சிருக்கேன்." ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. பெடலைத் தொட்டார். "அடேங்கப்பா" என்று கையை எடுத்துவிட்டு, மறுபடி தொட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். இடப்பக்கப் பெடல்களைப் பொருத்தியவர்கள் காலடிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள தகட்டைத் துளைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். அதன் முனை இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் அரை விரல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்ததில் அதிலுள்ள ஒரு குழாய் அந்தப் போல்ட்டின் நுனியைத் தொட்டுத் தொட்டு, நுனி வெள்ளிக்காசு போல மின்னுகிறது. கூப்பிட்டுக் காட்டினார். இறங்கிப் போய்ப் பார்த்தாள். "எந் தப்புத்தானுங்க மேடம்" என்றார். "மவுண்டிங்கை இறுக்கறதுக்கு முன்னாடி இன்ஜினைச் சும்மா ஒரு ஆட்டு ஆட்டி உக்கார உட்டிருக்கோணும். அவசரத்துல இறுக்கிப்போட்டேன். நீங்க சொன்னப்ப நானு ஒரு வாட்டி உங்க எடத்துல வந்து உக்காந்து பாத்திருக்கோணும். டிரைவர் சீட்டுலயே உக்காந்து பாத்துப் பழக்கமுங்க. முதலாளிகிட்ட நானே பேசறேன்." அவ்வளவுதான். ஒன்பது நாளாக அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு அவர் இடமே வைக்கவில்லை. தப்பு என்னுடையது என்பதை இவ்வளவு லேசாகச் சொல்ல முடியுமா? ஒரு மனுஷன் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நொடியே ஸ்பானரைத் தேடப் போகிறார். அவள் போனை எடுத்தாள். சென்னியப்பனுக்கு இல்லை. பாவாயி டிரைவிங் என்று பதிந்து வைத்திருந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை. ஏன் இப்போதே, சாயங்காலம் பேசினால் ஆகாதா என்று விரல் நின்றது. சாயங்காலமானால் நல்ல நல்ல வார்த்தையெல்லாம் கிடைத்துவிடும், அடுப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அழகாக மாற்றிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அழுத்தினாள்.

"யாருங்க?" "சுலோச்சனா பேசறேனுங்கக்கா, டிரைவிங் ஸ்கூல்ல இருந்து." "மேடமுங்களா? சௌக்கியமுங்களா? சாப்புட்டீங்களா?" என்றாள் பாவாயி, ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்தச் சாப்பிட்டீர்களாவைத் தாண்டிவிட்டு சுலோச்சனா நேராக விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்குக் கிளச்சில் இருந்தது உங்கள் கால் இல்லை, என் கால், நான்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன், எனக்கே இப்போதுதான் தெரிந்தது, நீங்கள் சொன்னபோது நான் நம்பியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அதுக்கென்னங்க மேடம், போச்சாது, உடுங்க" என்றாள் பாவாயி. "நீங்க திரும்ப வாங்கக்கா. நாலே நாள்ல நீங்க ஓட்டிருவீங்க." "காரை வித்துப்போட்டோமுங்க, ஆடி பொறக்கறதுக்கு முன்னயே. ஓட்ட ஆளில்லாம எதுக்குன்னு அவரு சொல்லிட்டாரு." கார் ஒன்றும் பெரிசில்லைங்க என்று பாவாயிதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னவோ கேட்டாள். இன்ஜின் இரைச்சலில் கேட்கவில்லை. சுலோச்சனா கையைக் காட்டியதும் ஈஸ்வரமூர்த்தி வந்து சாவியைத் திருப்பினார். ஷெட் அமைதியாயிற்று. "இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா." "எனக்குச் சக்கரை இருக்குதில்லீங்க மேடம்" என்றாள் பாவாயி. "எடுத்த காலை எடுக்கலீன்னு நீங்க சொல்லவும், பாதத்துல உணர்ச்சி செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேனுங்க. வெச்ச எடம் எனக்கே தெரியலையாட்ட இருக்குதுன்னு. அன்னையில இருந்து படி எறங்கறதுன்னாலும் கீழ பாத்துப் பாத்துத்தான் காலை வெக்கறேன். ஆசுபத்திரிக்குப் போனா பாதத்தையே எடுத்துருவாங்களோன்னு போகவே இல்லை. அதுதானுங்க கேட்டேன். அப்ப எங் காலு நல்லாத்தான் இருக்குதுங்களா மேடம்?"